ஆற்றுப் படுகையில் மணலும் சரளையும்

(புதியம்புத்தூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புதியம்புத்தூருக்கு வந்து ஆற்றைப் பற்றிப் பேசுவது சற்று வியப்பாகத் தோன்றலாம். இது கரிசல் பூமி, மானாவாரிப் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் உளுந்தும் பாசியும், கம்பும் சோளமும், பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேரும். மழை தவறினால் வானத்தைப் பார்த்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வற்றாத ஆறு எதுவும் நம் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடவில்லை. வடக்கே வைப்பாறு, தெற்கே தாமிரபரணி. இடையில் உள்ளவை மழைக்கு மட்டும் உயிர் பெறும் ஓடைகள்.

ஆயினும் ஆற்றுப் படுகைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அறுபட்டதன்று. நாம் கட்டும் வீட்டிற்கு மணல் வேண்டும். பாதைக்குச் சரளை வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாகக் குடிதண்ணீர் வேண்டும். கோவில்பட்டி நகரம் சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கிறது. வைப்பாற்றுக் கரையிலுள்ள ஊர்களில், கோடைக்காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் தண்ணீர் முகந்த தாய்மார்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே, படுகையில் கிடக்கும் மணலும் கல்லும் எப்படி வருகின்றன, எப்படிப் போகின்றன, அவற்றை எடுத்தால் என்ன ஆகும் என்பவற்றை நாம் அறிந்திருத்தல் நன்று. அறியாமல் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், அதன் பலனை நம் பிள்ளைகள் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

வைப்பாற்றின் வழி

வைப்பாற்றை நாம் அனைவரும் அறிவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பல சிற்றாறுகளாகப் பிறந்து, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாக வருகிறது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி வந்து சேர்கிறது. பிறகு விளாத்திகுளத்தைத் தாண்டி, வைப்பாறு என்னும் ஊரின் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் பெய்யும் மழை இதில் வந்து விழுகிறது. ஆண்டில் பெரும்பகுதி இது மணலாறுதான். தண்ணீர் ஓடும் நாட்கள் சில.

மலையடிவாரத்தில் படுகையைப் பார்த்தால் தலையளவுக் கற்களும் கூழாங்கற்களும் கிடக்கும். கீழே வரவரச் சரளையும் பருமணலும் கலந்திருக்கும். கடலை நெருங்கும்போது நைந்த மணலும் வண்டலும் மிகுந்திருக்கும். கல் ஒன்றோடொன்று உரசித் தேய்வது இதற்கு ஒரு காரணம். வாட்டம் குறையக் குறையத் தண்ணீர் பெரிய கற்களை வழியிலேயே விட்டுவிட்டுச் சிறியவற்றை மட்டும் கொண்டுசெல்வது மற்றொரு காரணம். களத்திலே தூற்றும்போது மணி அருகிலும் பதர் தூரத்திலும் விழுவதைப் போன்றதே இது.

மணல் எது, சரளை எது?

பேச்சுத் தெளிவாக இருக்கும்பொருட்டு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மணிகள் மணல். 2 மில்லிமீட்டர் முதல் 64 மில்லிமீட்டர் வரை சரளை. அதற்கு மேற்பட்டவை உருண்டைக் கற்கள். ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கிற்கும் குறைந்தவை வண்டலும் களியும். நம் கரிசலில் பெரும்பகுதி இக்கடைசி வகையைச் சேர்ந்தது.

இவை ஒரே விதமாகப் பயணம் செய்வதில்லை. களியும் வண்டலும் தண்ணீரோடு கலந்து மிதந்து செல்கின்றன. ஓடையில் வரும் முதல் வெள்ளம் கறுத்தும் கலங்கியும் இருப்பது இதனால்தான். மணல் பாதி மிதந்தும் பாதி துள்ளியும் போகிறது. சரளையோ அடியிலேயே உருண்டும் புரண்டும் போகிறது. சரளையின் பயணம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கலங்கிய வெள்ளத்தின் அடியில், பெரும்பாலும் இரவு நேரத்தில், சில மணி நேரத்திற்குள் அது நடந்து முடிந்துவிடுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு நாம் போய்ப் பார்த்தால் கல் அசையாமல் கிடப்பதாகவே தோன்றும். ஆனால் அது நேற்றுக் கிடந்த கல் அன்று.

கல்லை அசைப்பது எது?

தண்ணீரின் எடையும் படுகையின் வாட்டமும் சேர்ந்து அடியை இழுக்கின்றன. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர், ஆயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது படுகையின் ஒவ்வொரு சதுர மீட்டரின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான இழுப்பு உண்டாகிறது. ஆழம் இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். வாட்டம் இரட்டித்தாலும் அப்படியே.

எவ்வளவு இழுப்புக்கு எவ்வளவு பெரிய கல் அசையும் என்பதை 1936ஆம் ஆண்டில் பெர்லினில் ஷீல்ட்ஸ் என்ற பொறியியலார் சோதனை செய்து வகுத்துக் காட்டினார். அவர் காட்டிய வழியில் கணக்கிட்டால், மேலே சொன்ன ஒரு கிலோ இழுப்பு, ஒரே அளவான சரளை பரப்பிய படுகையில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் கல்லை, அதாவது நம் சுண்டுவிரல் தடிப்புள்ள கல்லை அசைக்கத் தொடங்கும். 

ஆனால் எந்த ஆற்றிலும் எந்த ஓடையிலும் ஒரே அளவான கல் மட்டும் கிடப்பதில்லை. மணலும் சரளையும் கலந்தே கிடக்கின்றன. கலந்து கிடக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுவே.

கடலையும் கம்பும்

ஒரு படியிலே நிலக்கடலைப் பருப்பைத் தலைதட்டி நிரப்புங்கள். படி நிறைந்துவிட்டது என்று தோன்றும். அதன்மேல் ஒரு பிடி கம்பைப் போட்டுக் குலுக்குங்கள். கம்பு உள்ளே இறங்கிவிடும், படி வழிவதில்லை. கடலைகளுக்கு இடையேயுள்ள சந்துகளில் அது போய் அடங்கிவிடுகிறது. இப்பொழுதும் கடலைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டே இருக்கின்றன. கம்பு அவற்றின் இடுக்கில் பதுங்கியிருக்கிறது.

மேலும் மேலும் கம்பைக் கலந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் சந்துகள் யாவும் நிரம்பிவிடும். அதற்கு மேலும் கலந்தால் கடலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். இனிக் கடலையைக் கடலை தாங்குவதில்லை, கம்பே தாங்குகிறது. கம்பு சரிந்தால் கடலையும் அதனோடு சரியும்.

ஆற்றுப் படுகையிலும் இதுவே நடக்கிறது. மணல் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் இருக்கும்வரை படுகை கல்லால் ஆனது. மணல் கல்லின் இடுக்கில் ஒளிந்துகொள்கிறது. கல் நகர்ந்தால்தான் மணலும் வெளியே வரும். மணல் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு என்று ஏறிவிட்டால் படுகை மணலால் ஆனதாகிவிடுகிறது. கல் மணலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடியிலுள்ள மணல் எளிதில் நழுவும். மேற்பரப்பு வழவழப்பாகிவிடுவதால் உருளும் கல்லுக்கும் தடையில்லை.

அமெரிக்காவில் கில்பர்ட் என்ற நிலவியலறிஞர் மரத்தொட்டிகளில் தண்ணீரும் மணலும் சரளையும் விட்டுச் செய்த சோதனைகளை 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். பருங்கற்களோடு நைந்த மணலைச் சேர்த்தால் பருங்கற்களின் ஓட்டம் மிகுகிறது என்பதை அவர் அன்றே கண்டார். 2003ஆம் ஆண்டில் வில்காக், குரோ என்ற இருவர், நூற்றுக்கு 6 பங்கு முதல் 34 பங்கு வரை மணல் கொண்ட ஐந்து கலவைகளைச் சோதித்து இதற்குக் கணக்கு வகுத்தனர். மணல் மிகக் குறைந்த படுகையில் சரளை அசையத் தேவையான இழுப்பை 100 என்று கொண்டால், மணல் நூற்றுக்கு இருபது பங்கை எட்டிய படுகையில் அது 60க்குச் சற்றுக் குறைவாகவே போதும் என்பது அவர்கள் கணக்கு. நம் நடையில் சொன்னால், ஐந்தடி வெள்ளத்தில் நகரத் தொடங்கிய சரளை, மணல் சேர்ந்தபின் மூன்றடி வெள்ளத்திலேயே நகரத் தொடங்கும்.

எனவே மணல் வேறு, சரளை வேறு என்று இரண்டு கணக்கு எழுதுவது தவறு. ஒன்றில் கைவைத்தால் மற்றொன்றும் மாறும்.

ஆற்றின் கவசம்

வற்றிய ஓடையில் நடந்து போகும்போது மேலே கல் பரப்பி வைத்தாற்போலச் சில இடங்களில் இருக்கும். அந்தக் கல்லைப் புரட்டினால் அடியில் மணலும் பொடிச் சரளையுமாக இருக்கும். யாரும் பரப்பி வைத்ததன்று. வெள்ளமே செய்த வேலை அது. தாய்மார்கள் சுளகில் தானியத்தைக் கொழிக்கும்போது பொடி கீழே இறங்கிப் பெரியது மேலே நிற்பதைப் பார்த்திருக்கிறோம். படுகையிலும் வெள்ளத்தின் அசைவில் சிறு மணிகள் இடுக்குகளில் கீழே இறங்கிவிடுகின்றன. மேலே இருக்கும் மணலைச் சிறு வெள்ளங்கள் கொண்டுபோய்விடுகின்றன. கல் மட்டும் மேலே தங்கிக் கவசம்போல் ஆகிவிடுகிறது.

இந்தக் கவசத்தினால் இரண்டு நன்மைகள் உண்டு. சாதாரண வெள்ளத்தில் படுகை அறுக்கப்படாமல் காக்கிறது. பெரிய கல் மேலே நீட்டிக்கொண்டு இழுப்பைத் தாங்க, சிறியது அதன் மறைவில் ஒதுங்கியிருக்கிறது. தனியாகக் கிடந்தால் சிறு வெள்ளத்திலேயே போய்விடக்கூடிய சிறு கல், பெரிய கல்லின் துணையால் நிற்கிறது. 

கவசத்தை உடைக்கும் வெள்ளமும் உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் பெய்த மழையை இம்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அது இம்மாவட்டத்திற்கு ஓராண்டு முழுவதற்கும் உரிய சராசரியைவிட அதிகம். அத்தகைய வெள்ளத்தில், பல ஆண்டுகளாக அசையாத கல்லும் அசைகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்காத வேலை ஓர் இரவில் நடந்துவிடுகிறது. மனிதர் கையால் முன்பே கவசம் கிழிக்கப்பட்டிருந்தால், அவ்வளவு பெரிய வெள்ளம்கூட வேண்டியதில்லை. நடுத்தர வெள்ளமே படுகையைத் தோண்டிவிடும்.

சுமை இறக்கிய வண்டி

பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மெல்லப் போகும். பாரத்தை இறக்கிவிட்டால் விரைந்து ஓடும். ஆற்றுத் தண்ணீரும் அப்படியே. மணலையும் சரளையையும் சுமந்துவரும் தண்ணீரின் பலம் அந்தச் சுமையிலேயே செலவாகிறது. குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினால் சுமை அணைக்கு மேலே இறங்கிவிடுகிறது. அணையைத் தாண்டிய தண்ணீர் வெறும் வண்டிபோல் வருகிறது. மீதியுள்ள பலத்தைக்கொண்டு கீழேயுள்ள படுகையையும் கரையையும் அறுக்கிறது. படுகையிலிருந்து மணலை வெட்டி எடுத்தாலும் இதே பலன்தான். மேலிருந்து வரும் மணல் அந்தப் பள்ளத்தில் விழுந்து நின்றுவிடும். அதற்குக் கீழே தண்ணீர் சுமையின்றி ஓடும். பள்ளத்தின் மேல்முனையிலோ வாட்டம் திடீரென்று மிகுந்துவிடுவதால், அறுப்பு மேல்நோக்கியும் ஏறிச் செல்லும். ஓரிடத்தில் வெட்டிய பள்ளம் அங்கேயே இருந்துவிடும் என்று எண்ணுவது பிழை.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தில் நீண்ட காலமாகத் தூர் சேர்ந்து, கொள்ளளவு குறைந்து, 2015ஆம் ஆண்டில் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைக்குட்பட்டுத் தூர் வாரும் வேலை நடைபெற்றது. மேலே தங்குவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கீழே அறுக்கும் வெள்ளத்தின் பலத்திற்கு 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை நினைவுகூரலாம். கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தில், 1928ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற திருச்சிப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழமையும் வெள்ளத்தின் மிகுதியும் அவற்றிற்குக் காரணங்களாக இருக்கலாம். மணல் ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தூணின் அடியைப் பிடித்து நிற்பது படுகைதான் என்பதையும், படுகை தாழத் தாழத் தூணின் பிடிப்புக் குறையும் என்பதையும் அறியப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. நம் ஊர்த் தரைப்பாலத்திற்கும் இது பொருந்தும்.

அளவுக்கு மிஞ்சினாலும் கேடு

மணல் குறைந்தால்தான் கேடு என்றில்லை, மிகுந்தாலும் கேடே. கலிபோர்னியாவில் 19ஆம் நூற்றாண்டில் பொன் எடுப்பதற்காக, அழுத்தமிக்க நீர்த்தாரையைப் பீய்ச்சி மலைச்சரிவுகளைக் கரைத்தார்கள். கரைந்த மண்ணும் சரளையும் ஆறுகளில் இறங்கின. படுகைகள் உயர்ந்தன, வெள்ளம் கரை மீறிப் பாய்ந்தது, கீழேயிருந்த விவசாயிகளின் நிலங்கள் மண்மூடிப் போயின. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 1884ஆம் ஆண்டு ஜனவரியில் நீதிபதி சாயர், சுரங்கக் கழிவை ஆற்றில் விடலாகாது என்று தீர்ப்பளித்தார். நாம் முன்னே குறிப்பிட்ட கில்பர்ட் பின்னர் அந்த ஆறுகளையே ஆராய்ந்து 1917இல் அறிக்கை எழுதினார். தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மண் ஆறுகளில் நகர்ந்துகொண்டிருந்தது. ஆற்றுக்கு நாம் இழைக்கும் தீங்கை ஒரு நாளில் இழைத்துவிடலாம். ஆறு அதைச் சரிசெய்துகொள்ளத் தலைமுறை ஆகும்.

மணலுக்குள் இருக்கும் தண்ணீர்

இனிக் குடத்துக்கு வருவோம். மணல் வெறும் மண்ணன்று; மூடிபோட்ட தண்ணீர்த் தொட்டி. நனைந்த மணலிலிருந்து அதன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை நாம் இறைத்துக்கொள்ளலாம். ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்திற்கு மணல் கிடந்தால் அது சுமார் 4,000 கனமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு 800 கனமீட்டர். அதாவது எட்டு லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு இது இரண்டு வாரத் தண்ணீர். இது ஒரு முறை நிரம்பினால் கிடைப்பது. வெள்ளம் வரும்போதெல்லாம் அது மறுபடி நிரம்புகிறது. வெயிலும் அதை எளிதில் குடித்துவிட முடியாது.

அந்த ஒரு மீட்டரை வெட்டி விற்றால் பணம் ஒரு முறை வரும். தண்ணீர் ஒவ்வோர் ஆண்டும் போகும். அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டமும் படுகையோடு சேர்ந்து இறங்கும். இந்தக் கணக்கைக் கிராம சபையில் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டினால் போதும். மற்றதை மக்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இங்கே கரிசல்காட்டு விவசாயிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் நிலத்திலிருந்து கரைந்தோடும் களி, ஓடும் தண்ணீரில் மிதந்து போய்விடும் என்றோம். வெள்ளம் வடியும்போது அதில் ஒரு பகுதி மணலின்மேல் படிந்து, இடுக்குகளில் இறங்கி, அடைத்துக்கொள்கிறது. சாணம் மெழுகிய தரைபோல் ஆகிவிட்ட மணலில் தண்ணீர் இறங்குவதில்லை. அடுத்த மழைத் தண்ணீர் மேலோடு ஓடிக் கடலில் விழுகிறது. ஊற்றும் கிணறும் ஊறுவதில்லை. ஆகவே சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, பண்ணைக்குட்டை வெட்டி, மேல்மண்ணை நிலத்திலேயே நிறுத்திக்கொள்ளும் விவசாயி தன் நிலத்தை மட்டும் காக்கவில்லை. கீழேயுள்ள ஊரின் குடிதண்ணீரையும் காக்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் பெரிய நிபுணர்கள்தாம் அளக்க முடியும் என்று எண்ண வேண்டாம். நான்கு காரியங்களை எந்தப் பஞ்சாயத்தும் செய்யலாம்.

முதலாவது, படுகையின் மட்டத்தைக் குறித்துவைத்தல். தரைப்பாலத்தின் சுவரிலோ தூணிலோ வர்ணத்தால் அடையாளமிட்டு, புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு முறையும், தை மாதத்தில் மழைக்குப் பின் ஒரு முறையும் படுகை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஐந்தாண்டு எழுதினால் ஆறு உயர்கிறதா, தாழ்கிறதா என்பது தெளிவாகிவிடும்.

இரண்டாவது, சல்லடைச் சோதனை. மேலே பரவியுள்ள கல்லை ஒதுக்கிவிட்டு, ஒரு முழம் ஆழத்திற்குத் தோண்டி, எடுத்ததை உலர்த்தி நிறுக்க வேண்டும். பிறகு 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை நிறுக்க வேண்டும். நூற்றுக்குப் பத்துக்கு உட்பட்டால் அது கல் தாங்கும் படுகை. இருபத்தைந்து, முப்பதுக்கு மேற்பட்டால் மணல் தாங்கும் படுகை. பின்னது சிறு வெள்ளத்திலேயே நகரும். தரைப்பாலத்திற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது இது மிகவும் பயன்படும்.

மூன்றாவது, நூறு கல் எண்ணுதல். 1954ஆம் ஆண்டில் வோல்மன் என்ற அறிஞர் காட்டிய எளிய முறை இது. படுகையின் குறுக்கே நடந்து, அடிக்கு அடி, கீழே பாராமல் கால்பெருவிரலைத் தொடும் கல்லை எடுத்து, அதன் நடுத்தர அகலத்தை அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். நூறு கற்களைச் சிறிது முதல் பெரிது வரை வரிசைப்படுத்தினால் ஐம்பதாவது கல்லே அந்தப் படுகையின் நடு அளவு. ஆண்டுக்காண்டு அது பெரிதாகிக்கொண்டே போனால் மேலிருந்து மணல் வரவு குறைகிறது என்று ஐயுறலாம். 

நான்காவது, வர்ணம் பூசிய கற்கள். மழைக்கு முன் ஐம்பது கற்களுக்கு மஞ்சள் வர்ணம் பூசி, எண்ணிட்டு, ஒரே வரிசையில் ஓடையில் வைத்துவிட வேண்டும். வெள்ளம் வடிந்தபின் எவை நகர்ந்தன, எவ்வளவு தூரம் நகர்ந்தன என்று தேட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் இதை ஒப்படைத்தால் மகிழ்ச்சியுடன் செய்வார்கள். ஆறு நகரும் பொருள் என்பதையும் மறவாமல் கற்றுக்கொள்வார்கள். ஒன்று எச்சரிக்க வேண்டும்: தண்ணீர் ஓடும்போது யாரும் ஓடையில் இறங்கக் கூடாது.

இவற்றோடு, தீர்மானங்கள் போடும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. தடுப்பணை கேட்கும்போது மணற்போக்கி வைத்துக் கட்டுமாறு கேட்க வேண்டும். வெள்ளத்தின் முதல் வேகத்தில் அதைத் திறந்துவிட்டால் சுமையில் ஒரு பகுதி கீழே போகும். அணையும் விரைவில் தூர்ந்துபோகாது. தரைப்பாலத்தின் கீழ்ப்புறத்தில் பெருங்கற்களை அடுக்கிக் கவசமிட வேண்டும். ஓடையின் மேற்பரப்பிலுள்ள கல்லைப் பாதைக்கென்று வாரிச் செல்ல அனுமதிக்கலாகாது. கல் போனால் அடியிலுள்ள மணலும் பின்னே போகும்.

குளத்துக் கரம்பைக்கும் ஆற்று மணலுக்கும் உள்ள வேற்றுமையையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். குளத்தில் சேர்ந்த வண்டலையும் கரம்பையையும் நிலத்திற்கு அடிப்பது நம் முன்னோர் வழக்கம். குளமும் ஆழமாகும், நிலமும் செழிக்கும். இதற்கான அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும் முறை 2024ஆம் ஆண்டில் எளிதாக்கப்பட்டிருக்கிறது. ஆற்று மணலோ வேறு. 2003ஆம் ஆண்டு முதல் ஆற்று மணல் குவாரிகளைத் தனியாரிடம் விடாமல் அரசே நடத்துவது என்று விதி செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தாமிரபரணியில் ஐந்தாண்டுக் காலம் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆற்றுக்கு மறுபடி எவ்வளவு மணல் வந்து சேர்கிறது என்று அளந்து பார்த்த பிறகே எடுக்கும் அளவை முடிவு செய்ய வேண்டும் என்பதை மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் வற்புறுத்துகின்றன. நாம் எழுதிவைக்கும் படுகை மட்டப் பதிவேடு அந்த அளவைக்கு உதவும் சாட்சியம். அதிகாரிகள் வந்து கேட்கும்போது, "எங்கள் ஓடை ஐந்தாண்டில் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது" என்று எண்ணைக் காட்டிப் பேசும் ஊரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

வீடு கட்ட வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இன்று கட்டட வேலைக்குப் பரவலாகப் பயன்படுகிறது. பஞ்சாயத்து வேலைகளிலாவது தரமானதைச் சோதித்து வாங்கி அதையே பயன்படுத்தலாம்.

பெருமக்களே! வரவு அறியாமல் செலவு செய்யும் குடும்பம் நிலைக்காது என்பது நமக்குத் தெரியும். ஆற்றுப் படுகையும் ஒரு குடும்பக் கணக்கே. மலையிலிருந்து வருவது வரவு; கடலுக்குப் போவது செலவு; படுகையில் கிடப்பது கையிருப்பு. அந்தக் கையிருப்பில்தான் நம் தண்ணீர் இருக்கிறது. வருகிற புரட்டாசியில் பாலத்துச் சுவரில் முதல் கோட்டைப் போட்டு, பதிவேட்டின் முதல் வரியை எழுதத் தொடங்குமாறு உங்களை வேண்டிக்கொள்கிறோம்.